கிட்டார்களைச் சுவரில் மாட்டுவது: களியக்காவிளை முதல் செங்கோட்டை வரையுள்ள வீடுகளுக்கு

கிட்டாரைச் சுவரில் மாட்டிக் காட்டும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளை வைத்து எடுத்தவை. அங்கே சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்த ஜிப்சம் பலகை. வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிற்கும். அதைத் தேடிப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்கினால் முடிந்தது வேலை. களியக்காவிளையிலும் புளியரையிலும் அந்தப் பாடம் செல்லாது. இங்கே ஒரே வீட்டில் முன்கட்டு வெட்டுக்கல், பின்கட்டு செங்கல், மாடி ஹாலோ பிளாக் என்று மூன்று விதச் சுவர் இருக்கும். போதாததற்கு ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் ஐப்பசி அடைமழையும் சேர்ந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம் வற்றாது. அதனால் ஹேங்கர் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை சுவரைப் பார்ப்பது.

ஈரம் ஏறாத சுவர்

மழை எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வெளிச்சுவரை விட்டுவிடுங்கள். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வந்து விழும் செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் மேற்குச் சுவர்தான் மோசம். கடற்கரைப் பக்கம் தெற்குச் சுவரும் நனையும். குளியலறைக்கு முதுகு காட்டி நிற்கும் சுவர் வேண்டாம். அடுக்களையை ஒட்டிய திறந்த கூடமும் வேண்டாம்: தாளிக்கும் எண்ணெய்ப் புகை ஸ்ட்ரிங்கில் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, ஆறு மாதத்தில் பிசுபிசுப்பாகிவிடும். இரண்டு அறைக்கு நடுவே நிற்கும் உள்சுவர் கிடைத்தால் அதுதான் இடம். ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கவும் கூடாது.

வெள்ளையடித்த சுவரைப் பார்த்து ஈரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளேயே ஓதம் இருக்கிறது, அங்கே மாட்டாதீர்கள். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது, அதைச் சமாளிக்கலாம். இந்தச் சோதனையை ஏப்ரலில் செய்து பயனில்லை. நான்கு நாள் மழை பெய்து முடிந்த பிறகு செய்ய வேண்டும்.

துளைத்தூள் சொல்லும் சேதி

சுவர் எதனால் கட்டியது என்று வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கும். ஹேங்கர் பிளேட் மறைக்கப்போகிற இடத்தில் 4 மி.மீ. பிட் போட்டு, ஹாமர் மோடு இல்லாமல், ஒரு சின்னத் துளை இட்டுப் பாருங்கள். கீழே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் விழும் சாம்பல் நிறத் தூள் சிமெண்டுப் பூச்சு. புது வீடுகளில் உள்பூச்சு 12 முதல் 15 மி.மீ. இருக்கும். அதற்கு அப்புறம் ஒரே சீரான செந்தூள் வந்தால் செங்கல். சிவப்பும் மஞ்சளுமாகக் குறுமணல் போல் உதிர்ந்து, பிட் நடுவில் இரண்டொரு முறை தடுக்கி உள்ளே விழுவது போல் இருந்தால் அது வெட்டுக்கல், புத்தகத் தமிழில் செம்புராங்கல். சாம்பல் தூள் 25, 30 மி.மீ. வரை வந்து சட்டென்று பிட் வெற்றிடத்தில் இறங்கினால் ஹாலோ பிளாக். கோதுமை மாவு மாதிரி வெளுத்த தூள் கொட்டி, பிட் வெண்ணெயில் போவது போல் போனால் ஏஏசி பிளாக், அதாவது நுரைபோல் காற்றறைகள் உள்ள எடை குறைந்த கான்கிரீட் கல். பிட் இம்மியும் நகராமல் சூடேறினால் கான்கிரீட் தூண்.

பழைய திருவிதாங்கூர்க் காலத்து வீடென்றால் பூச்சு சுண்ணாம்பாக இருக்கும். ஒரு அங்குலம் வரை தடிமன் வரலாம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே எவ்வளவு நல்ல பிளக் போட்டாலும் தட்டு மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

எடையைவிட எட்டம்தான் கணக்கு

ஒரு அக்கூஸ்டிக் 2 கிலோவைச் சுற்றி இருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் மூன்றரை கிலோ, லெஸ் பால் வகை நாலரை கிலோ வரை, பேஸ் 4 கிலோவுக்கு மேல். இவ்வளவுதானா என்று தோன்றும். கடையில் எலக்ட்ரீஷியன் நின்றால் அவரும் "ஆறு எம்எம் பிளக் போதும் சார், ஒண்ணும் ஆகாது" என்பார். படச்சட்டத்துக்கு அது போதும். கிட்டார் சுவரோடு ஒட்டித் தொங்குவதில்லை. ஹேங்கரின் கவை, அதாவது நெக்கை இரு புறமும் தாங்கும் இரட்டைக் கை, சுவரிலிருந்து 11, 12 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாலரை கிலோ கிட்டார் 11 செ.மீ. எட்டத்தில் தொங்கும்போது, பிளேட்டின் கீழ் விளிம்புக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் 5 செ.மீ. இருந்தால், மேல் ஸ்க்ரூவை வெளியே பிடுங்கும் இழுவை சுமார் 10 கிலோ. எடுக்கும்போதும் மாட்டும்போதும் கை கொடுக்கும் வெட்டு இதற்கு மேல். முதலில் தளர்வது எப்போதும் மேல் ஸ்க்ரூதான், காரணம் இதுவே. பிளேட் நீளமாக உள்ள ஹேங்கரை வாங்கச் சொல்வதும் இதனால்தான்.

நெக்கைப் பிடித்துத் தொங்கவிட்டால் நெக் வளைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். 12 கேஜ் ஸ்ட்ரிங் செட் டியூன் செய்த நிலையில் நெக்கை இழுக்கும் விசையே 70 கிலோவுக்கு மேல். அதைத் தாங்குகிற மரத்துக்கு 2 கிலோ பாடி ஒரு பொருட்டில்லை. மாட்டும்போது ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிடுவதுதான் தப்பு: நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பிக்கு எதிர் இழுவை இல்லாமல் நெக் பின்பக்கம் வளையும்.

ஹேங்கரில் பார்க்க வேண்டியது மூன்று. கவையின் அகலம் ஒன்று. ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டாருக்கு நட் (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் ஏறி நிற்கும் பட்டை) அகலம் 43 மி.மீ. அளவில் இருக்கும், கிளாசிக்கலுக்கு 52 மி.மீ. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குப் பொருந்தாது. இரண்டாவது, கவை இடம் வலம் திரும்ப வேண்டும். ஸ்ட்ராட் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்த ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் மேலே உள்ள தலைப்பகுதியை) திரும்பாத கவையில் மாட்டினால் ஒரு தோள் மட்டும் உட்கார்ந்து கிட்டார் கோணி நிற்கும். மூன்றாவது பூட்டு. ஹெர்குலிஸ் ஹேங்கர்களில் உள்ளது போல், எடை விழுந்ததும் தானே மூடிக்கொள்ளும் கை இருந்தால் நல்லது. குழந்தைகள் ஓடும் வீட்டில் இது ஆடம்பரம் இல்லை.

கவையின் உறை எதனால் ஆனது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிப்சன், மார்ட்டின் போன்றவர்களின் விலை உயர்ந்த கிட்டார்களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசியிருப்பார்கள். ரப்பரும் மலிவான பிவிசியும் அந்த லாக்கரோடு வினை செய்து, அதை இளக்கி, ஹெட்ஸ்டாக்கின் பின்னால் கறுத்த தழும்பை உண்டாக்கும். அது துடைத்துப் போகிற கறை இல்லை. சைக்கிள் டியூபை வெட்டிக் கொக்கியில் சுற்றும் நம் ஊர் வழக்கம் இதில்தான் மாட்டிக்கொள்கிறது. ஊரைச் சுற்றி ரப்பர் தோட்டம் இருந்தாலும் கவைக்கு ரப்பர் வேண்டாம். ஃபிரெஞ்சு பாலிஷ் போட்ட கிளாசிக்கலுக்கும் இதே எச்சரிக்கை. பழைய பருத்தி வேட்டித் துணியை நான்கு மடிப்பாகக் கவையில் சுற்றித் தைத்துவிடுங்கள். பாலியூரித்தேன் பூசிய சாதாரண கிட்டார்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

ஆசாரியை வைத்தே ஹேங்கர் செய்துகொள்ளலாம். பலாவோ தேக்கோ அயனியோ, 15 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம், ஒரு அங்குலத் தடிமனில் ஒரு கட்டை. அதில் 16 மி.மீ. தடிமனுள்ள இரண்டு மர முளை, மேல்நோக்கி 5 டிகிரி சாய்த்து, ஃபெவிகால் போட்டு அடித்து இறக்கியது. முளைகளுக்கு இடையே உள்ள வெளியை உங்கள் கிட்டாரைக் கொண்டே அளக்கச் சொல்லுங்கள்: நெக் ஹெட்ஸ்டாக்கோடு சேரும் இடத்தின் அகலம், கூட 5 மி.மீ. துணி சுற்றுவதென்றால் அதன் தடிமனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முளை சுவரிலிருந்து வெளியே நீட்டும் அளவு அக்கூஸ்டிக்குக்கு 12, 13 செ.மீ., எலெக்ட்ரிக்குக்கு 8, 9 போதும். பச்சை மரத்தில் செய்தால் காய்ந்ததும் முளை ஆடும். அறுத்து ஒரு வருஷமாவது ஆன மரமா என்று கேட்டு வாங்குங்கள்.

அளவு போடுவது

உதாரணத்துக்கு 300 செ.மீ. அகலச் சுவர், இரண்டு அக்கூஸ்டிக், இரண்டு எலெக்ட்ரிக், ஒரு பேஸ். அக்கூஸ்டிக்கின் கீழ் வளைவு அகலம் 40 செ.மீ., எலெக்ட்ரிக் 33, பேஸ் 34. ஐந்தும் சேர்ந்து 180. இடையில் 10 செ.மீ. வீதம் நாலு இடைவெளி 40. மொத்தம் 220, மீதி 80-ஐ இரண்டு ஓரத்துக்கும் 40, 40 ஆகப் பிரிக்கலாம். பேஸை நடுவில் வைத்து, அதன் இரு புறமும் எலெக்ட்ரிக், ஓரங்களில் அக்கூஸ்டிக் என்று அடுக்கினால், இடது மூலையிலிருந்து ஹேங்கர் மையங்கள் 60, 106.5, 150, 193.5, 240 செ.மீ.யில் விழும். எல்லா ஹேங்கரையும் சம தூரத்தில் அடித்துவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. பாடி அகலம் வேறு வேறு என்பதால் கண்ணுக்கு இடைவெளி ஏறுக்கு மாறாகத் தெரியும். இடைவெளியைச் சமமாக்குங்கள், மையத்தை அல்ல.

உயரம் ஆளைப் பொறுத்தது. கவை தரையிலிருந்து 165 முதல் 170 செ.மீ.யில் இருந்தால் அஞ்சரை அடி ஆள் எம்பாமல் எடுக்கலாம். கவைக்குக் கீழே அக்கூஸ்டிக் 85 செ.மீ. தொங்கும், பேஸ் 95. ஆக, அடிப்பாகம் தரையிலிருந்து 70 செ.மீ.க்குக் குறையாமல் நிற்கும். மாப் கட்டை படாது. தவழும் குழந்தை இருந்தால் கீழே ஒரு நீள பெஞ்சைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது வரிசை ஆசை வருவது இயல்பு. கணக்குப் போட்டால் மேல் வரிசைக் கவை 275 செ.மீ.க்குப் போய்விடும். ஸ்டூல் மேல் ஏறி நின்று, பின்னால் சீலிங் ஃபேன் சுற்ற, கையில் கிட்டாரோடு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வேண்டாம். இடம் போதவில்லை என்றால் கிட்டார்களை ஒரே பக்கமாக 15, 20 டிகிரி சாய்த்து மாட்டினால் இடைவெளியைச் சுருக்கலாம். அதற்குச் சுழலும் கவையும், பாடியின் ஓரத்தைத் தாங்க ஒரு சிறு முளையும் வேண்டும்.

பென்சிலை எடுக்குமுன் பழைய செய்தித்தாளில் ஒவ்வொரு கிட்டாரையும் கிடத்தி வரைந்து வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். கதவு திறந்தால் இடிக்கிறதா, சுவிட்சு மறைகிறதா, நாற்காலியில் உட்கார்ந்தால் தலையில் படுகிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். நேர்கோடு பிடிக்கக் கூரையையோ தரையையோ நம்ப வேண்டாம். பழைய வீடுகளில் இரண்டும் சாய்ந்திருக்கும். கொத்தனாரின் டியூப் மட்டமோ நல்ல ரசமட்டமோ வைத்து நூல் அடியுங்கள்.

துளை போடுதல்

வயரைக் கவனியுங்கள். நம் வீடுகளில் கான்கிரீட் தளத்திலிருந்து பைப் சுவருக்குள்ளேயே நேர் செங்குத்தாக இறங்கி சுவிட்ச் போர்டுக்கு வரும். போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும், இரு புறமும் 15 செ.மீ. விட்டு, துளை போடாதீர்கள். சுவர் விளக்குக்கும் ஏசி பாயிண்டுக்கும் இதே விதி. சந்தேகம் இருந்தால் அந்த அறையின் எம்சிபியை இறக்கிவிட்டு, அடுத்த அறையிலிருந்து டிரில்லுக்கு வயர் இழுங்கள்.

செங்கல் சுவருக்குத் தேவை ஒரு ஹேங்கருக்கு இவ்வளவுதான்: 8 மி.மீ. கார்பைட் முனை பிட், 50 மி.மீ. நீளமுள்ள 8 மி.மீ. நைலான் பிளக் இரண்டு அல்லது மூன்று, பிளேட்டில் எத்தனை துளையோ அத்தனை. 10-ஆம் நம்பர் ஸ்க்ரூ, இரண்டரை அங்குலம். பெட்டிக்குள் வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் மரச்சட்டத்தை நினைத்துப் போட்டது, நீளம் போதாது. பிளேட் 5 மி.மீ., பூச்சு 15 மி.மீ. போக, கல்லுக்குள் 40 மி.மீ. போக வேண்டும் என்பதே இரண்டரை அங்குலத்தின் கணக்கு. குளச்சல், முட்டம் போல் கடல்காற்று படும் இடத்தில் எஸ்எஸ் ஸ்க்ரூவாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஜிங்க் பூச்சு உப்புக்காற்றில் துருவேறி, சுவரில் பழுப்பாக வடியும்.

பிட்டில் 70 மி.மீ. அளந்து இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பூச்சு முடியும் வரை ஹாமர் இல்லாமல், மெதுவாக. செங்கல் வந்த பிறகு தேவைப்பட்டால் மட்டும் ஹாமர். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் ஹாமரே வேண்டாம், மறுபக்கத்துப் பூச்சு தட்டாக விழுந்துவிடும். துளை இரண்டு கல்லுக்கு நடுவே கலவையில் விழுந்தால் தூள் செம்மையிலிருந்து சாம்பலுக்கு மாறும். ஒரு அங்குலம் மேலோ கீழோ நகர்த்திவிடுங்கள், பழைய கலவை பிளக்கைப் பிடிக்காது. துளைக்குள் தங்கும் தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி எடுக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. தூள் மேல் உட்கார்ந்த பிளக் முடுக்கும்போது கூடவே சுற்றும்.

பிளக்கைச் சுவர் மட்டத்தோடு நிறுத்தாமல், 10 மி.மீ. உள்ளே இறக்குங்கள். அப்போதுதான் அது விரிவது பூச்சில் அல்ல, கல்லில். முதல் ஸ்க்ரூவைப் பாதி முடுக்கி, பிளேட்டை ரசமட்டத்தில் நிறுத்தி, அடுத்த துளையைக் குறித்து, பிளேட்டை விலக்கிவிட்டுத் துளையுங்கள். கடைசி இரண்டு திருகு கையால். டிரில்லாலேயே இறுக்கினால் பிளக் உள்ளே அரைபட்டுப் போவது தெரியாது. துளை பெருத்துவிட்டால் தீக்குச்சியைச் செருகும் வைத்தியம் வேண்டாம், 10 மி.மீ. பிளக்குக்கு மாறுங்கள், அல்லது எபாக்சி அடைத்து, ஒரு நாள் காயவிட்டுத் திரும்பத் துளையுங்கள்.

ஏஏசி பிளாக்கில் ஹாமர் கூடவே கூடாது. அதற்கென்றே வரும் திருகுமுறைப் பிளக் கேட்டு வாங்குங்கள். ஹாலோ பிளாக்கில் வெற்றிடத்துக்குள் போய்க் குடை போல விரிந்து பின்னால் பிடிக்கும் ஆங்கர் வேண்டும். சாதாரண பிளக் 25 மி.மீ. ஓட்டைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். கான்கிரீட் தூணில் ரோட்டரி ஹாமர் இருந்தால் வேலை சுலபம். கம்பி தட்டினால் வேறு இடம் பாருங்கள்.

மாட்டுமுன் சோதனை. 10 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, கவையின் அடியில் கயிறு கட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் பிளேட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கிட்டாரை மாட்டலாம். நுழைந்தால் ஸ்க்ரூ வெளியே வரத் தொடங்கிவிட்டது. இறுக்கிச் சமாளிக்காமல் பிரித்து மறுபடி போடுங்கள்.

வெட்டுக்கல் சுவருக்குப் பலகை

வெட்டுக்கல்லில் ஒவ்வொரு ஹேங்கரையும் தனியாக அடிப்பது சூதாட்டம். ஒரு துளை இரும்பு மாதிரி பிடிக்கும், இரண்டு அங்குலம் தள்ளி அடுத்தது பொந்தில் விழும். எங்கள் பரிந்துரை, நீளப் பலகை ஒன்றைச் சுவரில் பல இடத்தில் கட்டி, ஹேங்கர்களைப் பலகையில் மாட்டுவது. வாடகை வீட்டுக்கும் இது நல்லது, ஏனென்றால் ஹேங்கரை நகர்த்த ஒவ்வொரு தடவையும் சுவரைக் குத்த வேண்டாம்.

மேலே சொன்ன ஐந்து கிட்டாருக்கு 240 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், ஒரு அங்குலத் தடிமனில் தேக்கு அல்லது அயனிப் பலகை. பிளைவுட்தான் கிடைக்கிறது என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை. 18 மி.மீ. தடிமன் ஸ்க்ரூவைப் பிடிக்க மட்டுமட்டு, 25 மி.மீ. பாருங்கள். பலகையை 10 மி.மீ. தடிமன், 135 முதல் 140 மி.மீ. நீளமுள்ள ஃபிரேம் பிளக்குகளால், 40 செ.மீ.க்கு ஒன்றாக, மேலும் கீழும் மாறி மாறி ஆறு இடத்தில் பிடியுங்கள். அத்தனை நீளம் எதற்கு என்றால் பலகை, இடைக்கட்டை, சுண்ணாம்புப் பூச்சு மூன்றும் சேர்ந்தே 6 செ.மீ.யைத் தின்றுவிடும், மிச்சம்தான் கல்லுக்குள் போவது. கிட்டார் ஐந்தும் சேர்ந்து 17 கிலோ, பலகை 5 கிலோ. ஆறாகப் பிரித்தால் ஒரு ஆங்கருக்கு 4 கிலோகூட வராது. ஒன்று பொந்தில் விழுந்திருந்தாலும் மற்ற ஐந்தும் தாங்கும்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே 12 மி.மீ. இடைக்கட்டை கட்டாயம். சுவரோடு ஒட்டிய பலகை இரண்டு மழைக்காலத்தில் பின்பக்கம் பூசணம் பிடித்துக் கறுக்கும். அந்த இருட்டில் சிதல் (கரையான்) ஏறினாலும் தெரியாது. பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்துத்தான் ஏற்றவேண்டும். உத்திரத்துக்கு அடிக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். சிதலுக்கு நல்ல மருந்துதான், ஆனால் கையில் பட்டால் கொப்புளிக்கும், கறை விடும், வாடை மாதக்கணக்கில் நிற்கும். கிட்டார் பக்கத்தில் அது வேண்டாம். ஹேங்கர் ஸ்க்ரூவுக்குப் பலகையில் 3 மி.மீ. முன்துளை போடாமல் முடுக்காதீர்கள், காய்ந்த அயனி நீளவாக்கில் பிளந்துவிடும்.

மழைக்காலத்தில் யாரை இறக்குவது

கிட்டார் செய்பவர்கள் சொல்லும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். இந்த வட்டாரத்தில் மழைக்கால விடியற்காலையில் 80-ஐத் தாண்டும். ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரைக் கிட்டார்களுக்கு நடுவே மாட்டுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்: பாட்டில் மூடியில் பொடி உப்பைப் போட்டு, சேறு போல் ஆகும் வரை மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். அதற்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 81 காட்டினால் ஆறு கூட்டிக் காட்டுகிறது என்று அதிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

எல்லாக் கிட்டாருக்கும் ஒரே ஆபத்து இல்லை. எலெக்ட்ரிக்கும், மேல்பலகை பல படிவங்களை ஒட்டிச் செய்த லாமினேட் டாப் அக்கூஸ்டிக்கும் மழை முழுக்கச் சுவரிலேயே இருக்கலாம். ஸ்ட்ரிங் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். மேல்பலகை ஒரே மரமான சாலிட் டாப்தான் வீங்கும். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் டார்ச் அடித்து சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகை அப்படியே விளிம்பில் மடங்கிக் கீழே இறங்கினால் சாலிட். சாண்ட்விச் மாதிரி இரண்டு மூன்று படிவம் தெரிந்தால் லாமினேட். வீங்கிய கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பின்னால் டாப் மேடாகும், ஆக்ஷன் (ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி) ஏறும், 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்த விரல் வலிக்கும். ரொம்ப நாள் விட்டால் பிரிட்ஜின் பின் ஓரம் தூக்கும். ஒரு தாளை அடியில் செருகிப் பார்த்தால் தெரியும்.

மீட்டர் ஒரு வாரத்துக்கு மேல் 70-க்குக் கீழே வராவிட்டால் சாலிட் டாப்பை இறக்கி, சிலிக்கா ஜெல் கால் கிலோவைத் துணிப்பையில் கட்டி, அதோடு ஹார்டு கேஸில் வைத்துவிடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். திறந்த சுவரில் ஜெல் பொட்டலத்தைத் தொங்கவிடுவது வீண் செலவு, வீதியையே காயவைக்கப் பார்க்கும் கதை. ஃபேன் ஈரப்பதத்தைக் குறைக்காது, ஆனால் பாடிக்குப் பின்னால் காற்று ஓடவைத்துப் பூசணத்தைத் தடுக்கும். அந்தக் காற்றுக்காகச் சுவரில், கிட்டாரில் அல்ல, நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டம் இரண்டை ஒட்டி பாடியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். ஏசி இருந்தால் டிரை மோடில் இரண்டு மணி நேரம் போட்டால் மீட்டர் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போய்ப் பனியில் நனைந்து வரும் கிட்டாரை நேராகச் சுவரில் மாட்டிவிடாதீர்கள். ஸ்ட்ரிங்கை ஒவ்வொன்றாகத் துணியால் பிடித்து உருவி, பின்பக்கம் துடைத்து, ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு ஏற்றலாம். கடலோரத்தில் கோட்டிங் உள்ள ஸ்ட்ரிங் வாங்குவது விலைக்கு ஏற்ற செலவுதான்.

விளக்கு போடுவதானால் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின், பலகையின் மேல் விளிம்பில். டிரைவர் பெட்டி சூடாகும், அதைக் கிட்டாருக்கு நேர் மேலே வைக்காதீர்கள். விளக்கு இருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் பல்லி வரும். பல்லி எச்சம் காய்ந்தபின் சுரண்டினால் பாலிஷும் சேர்ந்து வரும். ஈரத் துணியை அதன் மேல் இரண்டு நிமிடம் வைத்து ஊறவிட்டு எடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் பாதித் தொல்லை போகும்.

மே கடைசியில், மழைக்கு முன், எல்லாக் கிட்டாரையும் ஒருமுறை இறக்கி ஸ்க்ரூக்களைக் கையால் சோதியுங்கள், விசிட்டிங் கார்டு சோதனையும் செய்யுங்கள். அப்போது டார்ச் அடித்து சவுண்ட் ஹோலுக்குள்ளும் பாருங்கள். மாதக்கணக்கில் எடுக்காத கிட்டாருக்குள் குளவி மண்கூடு கட்டும். பெரும்பாலும் பின்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், கட்டைவிரல் அளவில். ஈரத்தோடு பெயர்த்தால் மண் கரைந்து மரத்தில் அப்பும். நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, கையை உள்ளே விட்டு, பிளாஸ்டிக் ஸ்பூன் நுனியால் அடியிலிருந்து நெம்பினால் முழுசாக வந்துவிடும். மிச்சத் தூளைக் கவிழ்த்துத் தட்டி எடுத்து, மறுபடி டியூன் செய்து மாட்டுங்கள்.